காந்தம் இழுத்தால் கலவையா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மாணவர் பக்கத்தில் அண்மையில் வந்த விஞ்ஞான மாதிரி வினாத்தாளில் ஒரு கேள்வி. இரும்புத்தூளையும் கந்தகத்தூளையும் சும்மா கலந்தது ஒரு குழாயில், இரண்டையும் சேர்த்துச் சூடாக்கிப் பெற்றது இன்னொன்றில், எது கலவை (பொருட்கள் ஒன்றோடொன்று இணையாமல் சும்மா கலந்து கிடப்பது), எது சேர்வை (இரசாயன முறையில் இணைந்து புதுப்பொருளானது) என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்? நல்ல கேள்விதான். கீழே போட்டிருந்த விடைதான் வில்லங்கம்: காந்தம் கவர்ந்தால் கலவை, கவராவிட்டால் சேர்வை. டியூஷன் குறிப்புகளிலும் இதே வரிதான் சுற்றுகிறது, பிள்ளைகளும் அப்படியே பாடமாக்கி விடுகிறார்கள்.

அந்த இரண்டு குழாய்களுக்குக்கூட அது ஓரளவுதான் சரி. 7 கிராம் இரும்புக்கு 4 கிராம் கந்தகம் என்ற கணக்கில்தான் இரும்பு சல்பைட்டு என்ற அந்தச் சேர்வை உண்டாகும். இரும்பு கொஞ்சம் கூடிப்போனாலோ, சூடு எல்லா இடத்துக்கும் போய்ச் சேராவிட்டாலோ, மிச்ச இரும்பு உள்ளே கிடந்து அந்தக் கறுப்புக் கட்டியையும் காந்தத்தில் ஒட்டவைக்கும். உடனே பிள்ளை சேர்வையே உண்டாகவில்லை என்று எழுதிவிடும்.

சரி, கந்தகத்தை விடுவோம். குச்சவெளி தாண்டிப் புல்மோட்டைக் கரைக்குப் போனால் மணலே கறுப்பு. அதில் ஒரு பிடியை வெள்ளைத் தாளில் பரப்பி, பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்து கழற்றிய பலமான காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் கறுப்பு மணிகள் வந்து ஒட்டும், வெளிறிய மணிகள் அசையாமல் கிடக்கும். ஒட்டியதில் பெரும்பகுதி இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த சேர்வை. அங்குள்ள கனிய மணல் ஆலையில் ரூட்டைல், சிர்கோன் என்ற மற்றக் கனியங்களில் இருந்து இல்மனைட்டைப் பிரிப்பதும் காந்தத்தால்தான். மணல் கலவை என்பதால் காந்தத்தால் பிரிக்க முடிகிறது, ஆனால் காந்தத்தோடு வருவது சேர்வை! அந்த மணியை மாவாக அரைத்தாலும் அதிலுள்ள இரும்பை மட்டும் காந்தம் தனியே இழுக்காது, அதற்கு உலையோ அமிலமோ வேண்டும். மக்னடைட் இன்னும் மோசம், இரும்பும் ஒட்சிசனும் மட்டுமே உள்ள சேர்வை, ஆனால் சாதாரணக் காந்தத்திலேயே பாய்ந்து ஒட்டும்.

மறுபக்கம் குசினியிலுள்ள எவர்சில்வர் சட்டியைப் பாருங்கள். இரும்பு, குரோமியம், நிக்கல் எல்லாம் கலந்த உலோகக் கலவை, அதில் பெரும்பங்கு இரும்பு, இருந்தும் பல சட்டிகளில் காந்தம் ஒட்டாது. நிக்கலும் கோபாற்றும் இரும்பே இல்லாத மூலகங்கள், அவற்றைக் காந்தம் இழுக்கும். காந்தத்தை வைத்துப் பார்த்தால் காந்தத்துக்கு எது பிடிக்கும் என்பது மட்டும்தான் தெரியும்.

சரியான விடை அமிலத்தில் இருக்கிறது. ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் சில துளி விட்டால், சூடாக்காத தூளில் உள்ள இரும்பு மணமில்லாத ஐதரசனைத் தரும், கந்தகம் மஞ்சளாகவே கிடக்கும். சூடாக்கியதில் விட்டால் கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். அது ஐதரசன் சல்பைட்டு, நஞ்சு வாயு, ஆகவே ஆசிரியர்மார் யன்னலைத் திறந்துவைத்து, மிகக் கொஞ்சமாகச் செய்துகாட்ட வேண்டும்.

அடுத்த மாணவர் பக்கத்தில் அந்த விடையைத் திருத்திப் போடுங்கள். முடிந்தால் புல்மோட்டை மணலில் மூலகம், சேர்வை, கலவை எவை எவை என்று ஒரு கேள்வியும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை