கண்மாய் மறுகால் பாய்ந்த அன்று

அன்புள்ள தேன்மொழிக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று மேலூர்ப் பக்கம் நம் கண்மாய் மறுகால் பாய்ந்தது. மிகைநீர் வழியும் கலுங்கில் நின்று பார்த்தபோது, மாதவிடாய்ச் சுழற்சியைச் சமன்பாடுகளாக எழுதும் உன் வேலையைப் பற்றிப் போன வாரம் நீ போனில் சொன்ன ஈஸ்ட்ரோஜன் கணக்குதான் மனத்தில் ஓடியது.

மாதத்தின் பெரும்பகுதி ஈஸ்ட்ரோஜன், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை அடக்கியே வைக்கிறது. ஆனால் மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமைத் தாண்டி ஏறக்குறைய இரண்டு நாள் நிலைத்துவிட்டால், அடக்கிய அதே ஹார்மோன், பிட்யூட்டரி சுரக்கும் எல்.எச். என்ற ஹார்மோனைப் பொங்க வைக்கிறது. அதிலிருந்து 36 மணி நேரம் அளவில் கருமுட்டை வெளியேறுகிறது. கண்மாய் நிறைந்தால் அந்தக் கணமே வழியும். உடம்பு இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கிறது. முப்பது வருடம் பள்ளியில் கணக்கு நடத்தியவளுக்கு இந்தப் பொறுமை பெரிய ஆச்சரியம், கண்ணு.

குரங்குகளில் நடந்த சோதனையையும் படித்தேன். மூளையின் கட்டளை ஹார்மோனை மணிக்கு ஒரு முறை விட்டுவிட்டுக் கொடுத்தால் பிட்யூட்டரி வேலை செய்கிறது; நிறுத்தாமல் கொடுத்தால் ஓய்ந்துவிடுகிறது. 1978-இல் எர்னஸ்ட் நோபில் குழுவினர் கண்டது.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது 2003-இல் கிளார்க், ஷ்லாசர், செல்கிரேட் மூவரும் எழுதிய கட்டுரை. மாதவிடாய்ச் சுழற்சியின் ஹார்மோன்களுக்கு, தாமதம் சேர்த்த 13 வகைக்கெழுச் சமன்பாடுகள். அவற்றின் மாறிலிகளில் எதையும் மாற்றவில்லை. ஆனாலும் நிலையான சுழற்சிகள் இரண்டு கிடைக்கின்றன. ஒன்றில் கருமுட்டை வெளியேறுகிறது. மற்றொன்றில் எல்.எச். பொங்குவதே இல்லை, சினைப்பையில் நீர்க்கட்டி உள்ள பெண்களின் ஹார்மோன் நிலையை அது ஒத்திருக்கிறது. சுழற்சி எந்தத் தடத்தில் விழும் என்பது தொடக்கத்தில் ஹார்மோன்கள் இருந்த அளவைப் பொறுத்தது.

எனக்கு மாதவிடாய் சீரில்லாமல் தள்ளித் தள்ளி வந்த காலத்தில் உன் அப்பத்தா என் நடையையும் சாப்பாட்டையும் குறை சொன்னார். ஒரு மருத்துவர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல், "ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்" என்றார். நீ பிறந்தாய், அது சரியாகவில்லை. என் உடம்பில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்றே நம்பி வாழ்ந்தேன். எதுவும் கெடாமலேயே ஓர் உடம்பு வேறு தடத்தில் நிலைகொள்ளலாம் என்று ஒரு கணக்கு சொன்னபோது அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சமன்பாடு உடம்பு ஆகாது, தெரியும். என் நிலை அதுதான் என்று அதை வைத்துச் சொல்லவும் முடியாது. ஆனாலும் அழுதேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். மாதவிடாய் சீராக வரும் பெண்களின் ஹார்மோன் அளவுகளைக் கொண்டு உன் சமன்பாட்டு மாதிரியைப் பொருத்துவது எளிது என்றும், மற்றவற்றை ஒதுக்கிவிடலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னாய். ஒதுக்காதே. 28 நாள் என்பது சராசரி. 21 முதல் 35 வரை இயல்பு என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். அதற்கும் வெளியே நிற்பவர்களைப் பிழை என்று நீக்கினால், அந்த இரண்டாவது தடம் உன் கண்ணில் படவே படாது.

தினசரி நாட்காட்டித் தாள்களின் பின்புறம் பதினோரு வருடம் என் மாதவிடாய்த் தேதிகளைக் குறித்து வைத்திருந்தேன். நோட்டில் படியெடுத்து, மதுரைத் தலைமைத் தபால் நிலையத்தில் விரைவுத் தபாலாகப் போட்டிருக்கிறேன். 41 நாள், 63 நாள், 29 நாள் என்று இருக்கும். ஹார்மோன் அளவு இல்லாத வெறும் தேதிகள். எதற்குப் பயன்படும் என்று நீதான் பார்க்க வேண்டும். இரண்டு இடங்களில் மை ஊறி எண் தெளிவில்லை, அவற்றை வட்டமிட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா