ஐஸ் கம்பெனிச் சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பா,

சின்னமுட்டத்தில் அன்று நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். "காலையில் படகில் ஏற்றுகிற ஐஸ் நாலு நாள் தாங்கினால் பெரிது. எட்டு லட்சம் வருஷத்து ஐஸ் என்று யாரிடம் கதை விடுகிறாய்?"

பதில் உங்கள் கையிலேயே இருந்தது. தொட்டியிலிருந்து தூக்கிய ஐஸ் பாரைக் காட்டி, "ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் வெள்ளை. அது காற்று" என்றீர்களே. அண்டார்டிகாவின் உட்பகுதியில் விழுகிற பனி அநேகமாக உருகுவதில்லை. மேலே விழுவது கீழே கிடப்பதை அமுக்கி ஐஸாக்குகிறது. இடுக்கில் நின்ற காற்று குமிழாக உள்ளே மாட்டிக்கொள்கிறது.

இதையெல்லாம் அறியும் முன்பே துளை போட ஆரம்பித்துவிட்டார்கள். 1840களில் சுவிட்சர்லாந்தின் உன்டரார் பனியாற்றில் லூயி அகாசி என்பவர் இரும்புக் கம்பியால் இடித்து இடித்து 60 மீட்டர் வரை போனார். ஒருமுறை கயிற்றில் தொங்கியபடி ஒரு பனிக்குழிக்குள் இறங்கினார். கால் குளிர்நீரில் முங்க, தூக்கச் சொல்லிக் கத்தினார். மேலே இருந்தவர்கள் இன்னும் இறக்கச் சொல்கிறார் என்று நினைத்து இறக்கிவிட்டார்கள்! வலை இழுக்கும்போது காற்றில் பேச்சு மாறிப்போவது உங்களுக்குத் தெரியாததா?

நம் ஊர் போர்வெல்லில் கல் தூளாக வந்தால் போதும். அங்கே ஐஸ் நீளமான உருளைத் தண்டாக, உடையாமல் வரவேண்டும். வாயில் பற்கள் வைத்த குழாய் சுற்றி அறுக்க, சில மீட்டர் தண்டை ஒவ்வொரு முறையும் மேலே இழுப்பார்கள். ஐஸ் தன் எடையாலேயே மெல்ல நகர்ந்து துளையை மூடிவிடும் என்பதால் மண்ணெண்ணெய் போன்ற திரவத்தை ஊற்றி நிரப்பி வைக்கிறார்கள். கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரி என்ற முகாமில் அமெரிக்க ராணுவத்தினர் 1966இல் 1,387 மீட்டர் இறங்கி அடிமண்ணையே தொட்டார்கள். நீங்கள் நம்பாத அந்த எட்டு லட்சம், அண்டார்டிகாவின் டோம் சி என்ற இடத்தில் 3,270 மீட்டர் வரை போய் 2004இல் முடித்த துளையிலிருந்து வந்தது.

குமிழில் இருப்பது அந்தக் காலத்துக் காற்று என்று ஒருவருக்குத் தோன்றியது கோப்பையில்தான். 1965இல் அண்டார்டிகாவில் கிளாட் லோரியஸ் என்ற பிரெஞ்சுக்காரர் தோண்டியெடுத்த ஐஸை விஸ்கியில் போட்டார். உருக உருகக் குமிழ்கள் வெடித்தன. சித்தியிடம் இந்த இடத்தை மட்டும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

சனிக்கிழமை வருகிறேன். அந்த வெள்ளை நடுத்துண்டில் கொஞ்சம் எடுத்து வையுங்கள். சர்பத்தில் போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்