கிரீட் தீவுக்கு இரண்டு இரவு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கினால் பயணப் பக்கங்களில் கிரேக்கத் தீவுகள் வந்துவிடுகின்றன. ஏதென்ஸ் இரண்டு இரவு, சாண்டோரினி இரண்டு இரவு, கிரீட் இரண்டு இரவு என்ற அட்டவணையும் கூடவே வருகிறது. சாண்டோரினிக்கு அந்தக் கணக்கு சரி. கிரீட்டுக்கு அது பணத்துக்கும் கேடு, உடம்புக்கும் கேடு.

கிரீட் மேற்கிலிருந்து கிழக்காகச் சுமார் 260 கிலோமீட்டர் நீளம். நடுவில் 2,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைகள். ரயில் கிடையாது. வடகரை நெடுஞ்சாலையில் மேற்கே உள்ள ஹானியா நகரிலிருந்து அதற்குக் கிழக்கே உள்ள ஹெராக்லியோன் போக, 140 கிலோமீட்டருக்கு, இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். தென்கரைக்குத் திரும்பிவிட்டால் கொண்டை ஊசி வளைவுகள்தாம். வரைபடத்தில் கைக்கெட்டும் தூரமாகத் தெரியும் ஊருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். எனவே ஒரே ஊரில் அறை எடுத்துக்கொண்டு தீவு முழுவதையும் சுற்றிவிடலாம் என்ற எண்ணமே தவறு.

ஒரு வாரம் இருந்தால் ஹானியாவில் நான்கு இரவு, ஹெராக்லியோனில் மூன்று இரவு என்று பிரிக்கலாம். இரண்டு ஊரிலும் விமான நிலையம் உண்டு. ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறினால் ஒரு நாள் மிச்சம். நான்கு நாள்தான் என்றால் மேற்கு, கிழக்கு இரண்டில் ஒன்றை மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிடுங்கள்.

ஹெராக்லியோனில் தங்குபவர்கள், மினோவன் என்ற வெண்கலக் கால நாகரிகத்தின் க்னோசோஸ் அரண்மனைக்குக் கார் எடுக்க வேண்டியதில்லை. ஐந்து கிலோமீட்டர்தான், நகரப் பேருந்து போகிறது. நிழல் குறைவு என்பதால் காலையில் திறந்தவுடன் போய்விட வேண்டும். அங்கே நிற்கும் சிவப்புத் தூண்களும் மாடிகளும் 1900இல் அகழாய்வைத் தொடங்கிய ஆர்தர் எவன்ஸ் சிமெண்ட் கொண்டு மீட்டெழுப்பியவை. சுவரோவியங்கள் நகல்கள், அசல் துண்டுகள் ஹெராக்லியோன் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதற்குத் தனியாக அரை நாள் ஒதுக்காமல் க்னோசோஸை மட்டும் பார்த்துத் திரும்புவது பாதி பார்த்ததற்குச் சமம். மீட்டெழுப்பாத இடிபாடுகளைப் பார்க்க விரும்புவோருக்குத் தெற்கே மெசாரா சமவெளிக்கு மேலே ஃபைஸ்டோஸ் இருக்கிறது. இவை உள்ளிட்ட ஆறு மினோவன் அரண்மனைத் தலங்களை யுனெஸ்கோ 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மேற்கில் பலர் தடுமாறும் இடம் சமாரியா பள்ளத்தாக்கு. ஒமாலோஸ் மேட்டில் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 16 கிலோமீட்டர் இறங்கி, கடற்கரையில் அயியா ரூமேலி என்ற சிற்றூரில் முடிகிறது. அந்த ஊருக்குச் சாலையே இல்லை. படகில்தான் வெளியேற முடியும். சொந்தமாகக் கார் ஓட்டி மேலே நிறுத்திவிட்டு இறங்கினால், மாலையில் நீங்கள் ஓரிடம், கார் வேறிடம். காலைப் பேருந்தில் ஹானியாவிலிருந்து ஒமாலோஸ், மாலைப் படகில் சூகியா அல்லது ஹோரா ஸ்ஃபாகியோன், அங்கிருந்து பேருந்தில் ஹானியா என்பதே சரியான வழி. நடக்க ஐந்து முதல் ஏழு மணி நேரம். முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் செங்குத்தான இறக்கம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது. செருப்புப் போட்டு இறங்கக் கூடாது, கற்கள் உருளும். பாதை மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மழை, கடும் வெப்பம் என்றால் அந்தப் பருவத்திலும் அடைப்பார்கள். ஆகவே இதைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள்.

ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்னும் வடகாற்று வீசும். வடகரைக் கடல் கொந்தளிக்கும், படகுகள் ரத்தாகும். பெரிய கப்பலைவிட விரைவுப் படகுகள் முதலில் நிற்கும். சாண்டோரினியிலிருந்து படகில் வந்து அன்றே விமானம் பிடிக்கும் திட்டம் அதனால்தான் ஆபத்தானது. நடுவே ஓர் இரவு விட வேண்டும். காற்றையும் கூட்டத்தையும் தவிர்க்க மே கடைசி, ஜூன், செப்டம்பர் நல்லது. நீந்த வேண்டுமென்றால் செப்டம்பர்தான். மே மாதத் தண்ணீர் நம் கடலில் பழகியவர்களுக்குக் குளிரும்.

கார் எடுப்பவர்கள் ஊரிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். அசல் உரிமத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். முன்வைப்புத் தொகைக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. வண்டி வலப்பக்கம் ஓடும். கியர் வண்டிகளே அதிகம், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பாலோஸ் கடற்கரைக்குப் போகும் மண்சாலையில் டயரும் அடிப்பாகமும் அடிபட்டால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் காப்பீடு கிடைக்காது. அதற்குப் பதில் கிஸ்ஸாமோஸ் துறைமுகத்திலிருந்து படகில் போய்விடலாம்.

சைவர்கள் பயப்பட வேண்டாம். ஆலிவ் எண்ணெயில் வெந்த பீன்ஸ், வேகவைத்த கீரை, பார்லி ரஸ்கின் மேல் தக்காளியும் பாலாடைக்கட்டியும் வைத்த டாகோஸ் எல்லாம் கிராமத்து உணவகத்திலும் கிடைக்கும். ‘நிஸ்டிசிமோ’ என்று கேட்டால் விரத உணவு காட்டுவார்கள். அதில் இறைச்சி, பால், முட்டை இராது. ஆனால் அவர்கள் விரதத்தில் இறால், ஆக்டோபஸ் சேரும் என்பதால் அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

கிரீஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். முடிவுக்குப் பொதுவாகப் 15 நாள், சில வேளைகளில் 45 நாள் வரை ஆகும். பல நாடுகள் போவதானால் அதிக இரவு தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். ஏதென்ஸில் விமானம் மாறுபவர்கள் குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும் என்பதை மறக்கக் கூடாது. கைரேகை, புகைப்படப் பதிவும் சேர்ந்திருப்பதால் மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். அறை வாடகை முன்பே கட்டியிருந்தாலும், ஓர் இரவுக்கு இவ்வளவு என்று அரசு வரி தனியாக விடுதியில் வசூலிப்பார்கள். நட்சத்திரம் கூடினால் வரியும் கூடும்.

இனி இத்தகைய கட்டுரை வெளியிடும்போது விசாவுக்கான கால அளவையும் ஓட்டுநர் அனுமதி பற்றிய தகவலையும் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்க்க வேண்டுகிறேன். மே மாதப் பயணத்துக்கு அது ஜனவரியிலேயே வந்தால்தான் வாசகர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
வாசகர், கோவை