தீர்ப்பு நாளிலேயே தூக்கா?

ஐயா,

மரண தண்டனை வேண்டும் என்போர் கடிதங்களில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: ‘ஆயுள் கொடுத்தால் 14 வருஷத்தில் வெளியே வந்துவிடுவான்.’ ஆயுள் என்றால் சட்டப்படி ஆயுள் முழுக்கத்தான். தூக்கு வரை போகக்கூடிய குற்றத்தில் ஆயுள் பெற்றவரை, 14 ஆண்டு உள்ளே கழிக்கும் முன் தண்டனைக் குறைப்பில் விட முடியாது. அந்த 14-க்கு அர்த்தம் அவ்வளவே. 20, 25, 30 ஆண்டுகளுக்குக் குறைப்பே கிடையாது என்று தண்டிக்கவும் வழி உண்டு. 2015-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. ஆனால் அந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே. கொலை வழக்கை விசாரிக்கும் செஷன்ஸ் நீதிபதியிடம் இருப்பது இரண்டுதான்: வெறும் ஆயுள் அல்லது தூக்கு. ஊரே கொதிக்கும்போது அவர் கை எந்தப் பக்கம் போகும்?

‘அரிதினும் அரிதான’ வழக்கில் மட்டுமே தூக்கு என்பது விதி. அப்படியென்றால் கொலையின் கொடூரம் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த விதியைத் தந்த உச்ச நீதிமன்றத்தின் 1980 பச்சன் சிங் தீர்ப்பு குற்றவாளியையும் எடை போடச் சொல்கிறது. தண்டனை பற்றித் தனி விசாரணை இருப்பதே அதற்காகத்தான். நடப்பது வேறு. காலையில் ‘குற்றவாளி’ என்று தீர்ப்பு. கூண்டில் நிற்பவரிடம் ‘தண்டனை பற்றி என்ன சொல்கிறாய்?’ என்று ஒரு கேள்வி, ‘வயசான அம்மா இருக்காங்க ஐயா’ என்று ஒரு பதில், மாலைக்குள் தூக்கு. மனநல மதிப்பீடு, குடும்பச் சூழல், படிப்பு, சிறை நடத்தை இவற்றையெல்லாம் விசாரணை நீதிமன்றத்திலேயே திரட்ட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு மதிய இடைவேளையில் திரட்டக்கூடியவையா இவை?

2009-ல் கடலூர் மாவட்டத்தில் ஏழு வயதுச் சிறுவனைக் கடத்திக் கொன்ற வழக்கைப் பாருங்கள். கொல்லப்பட்டவன் வீட்டின் ஒரே ஆண் பிள்ளை என்பதையும் ஒரு காரணமாக எழுதி, 2013-ல் உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தது. (பெண் பிள்ளையாக இருந்தால் இழப்பு குறைவா என்ன?) 2023 மறுசீராய்வில் அந்தக் காரணத்தை அதே நீதிமன்றம் தள்ளியது. குற்றம் நிரூபணமானதில் மாற்றமில்லை. தண்டனை மட்டும் 20 ஆண்டு குறைப்பில்லா ஆயுளானது. கைதி சிறையில் கேட்டரிங் டிப்ளமோ முடித்திருந்ததே அப்போதுதான் கணக்கில் வந்தது.

அவசரம் பாதிக்கப்பட்டவர்களையும் விடுவதில்லை. சென்னைப் புறநகரில் 2017-ல் கொல்லப்பட்ட சிறுமியின் வழக்கில் 2018 பிப்ரவரியில் தூக்கு, ஜூலையில் உயர் நீதிமன்ற உறுதி. ‘விரைந்த நீதி’ என்று பாராட்டினோம். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தூக்கு பெற்றவரை விடுவித்தே விட்டது. விசாரணை நீதிமன்றம் குற்றச்சாட்டுகளை முறைப்படி வகுத்தபோது அவருக்கு வழக்கறிஞர் இல்லை என்பதும் அது கண்ட குறைகளில் ஒன்று. தூக்கு கேட்பவர்கள்தான் இதற்கு முதலில் கோபப்பட வேண்டும்.

பயங்கரவாதம், நாட்டுக்கு எதிராகப் போர் தொடுத்தல் தவிர்த்த குற்றங்களுக்கு மரண தண்டனையை ஒழிக்கலாம் என்று சட்ட ஆணையம் 2015-லேயே பரிந்துரைத்தது. என் சாய்வும் அதுவே. நாடாளுமன்றம் எப்போது அசையுமோ! அதுவரை நன்னடத்தை அலுவலர், சிறைக் கண்காணிப்பாளர், மனநல மருத்துவர் ஆகிய மூவரின் அறிக்கையும் வழக்குக் கோப்பில் சேராமல் தண்டனை விசாரணைக்குத் தேதி குறிக்கக் கூடாது என்று செஷன்ஸ் நீதிமன்றங்களுக்கு உயர் நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாமே.

– குற்றவியல் வழக்கறிஞர், சென்னை - 104