அவன் போய்விட்டான்

அன்புள்ள சாந்தி,

நலம், நலமறிய ஆவல். மரியாதை அவ்வளவுதான். உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. எந்த மைக்ரோவேவ் வாங்கலாம் என்று நீ கேட்டது மேசை டிராயரில் கிடந்து தினமும் என்னை முறைத்துக்கொண்டிருந்தது. திட்டு. திட்டிவிட்டு மேலே படி.

போன வாரம் எங்கள் வீட்டில் அவன் போய்விட்டான். கமலாவுக்குப் போன் போட்டு இதைத்தான் சொன்னேன். ஒரு நிமிடம் மூச்சே இல்லை. பிறகு மெதுவாக "யாருடீ?" என்றாள். பதறாதே. இவர் குத்துக்கல்லாட்டம் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். போனது சமையலறை மைக்ரோவேவ் அவன்.

போன விதம்தான் எனக்கு ஆறவில்லை. கன்வெக்‌ஷன், கிரில், நூற்றுச் சொச்சம் மெனு என்று வாய் வலிக்கப் பெருமையடித்து வாங்கினேனே, அதேதான். மூன்று வருஷம் முடிவதற்குள் டச் பேனலில் 3 என்ற எண் அமுங்காமல் போனது. மூன்று நிமிடம் வைக்க 2, 6, 0 என்று அழுத்துவோம். சமர்த்தாக அறுபது விநாடியையும் எண்ணி முடிக்கும். முப்பது விநாடி வேண்டுமா, 29. பழகிவிட்டது. போன வாரம் ஸ்டார்ட் பட்டனும் படுத்துவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்தார். அலையை உண்டாக்குகிற மேக்னெட்ரான் நன்றாக இருக்கிறதாம், மோட்டார் நன்றாக இருக்கிறதாம், பட்டன்கள் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாள்தான் போய்விட்டதாம். அந்த மாடலுக்கு இப்போது பேனலே வருவதில்லையாம். உயிர் நெஞ்சில் இருக்கிறது, தோல் உரிந்ததற்காகப் பாடை கட்டச் சொல்கிறார்கள்!

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாம் பயப்படுகிற பாகம் வேறு, கெட்டுப்போகிற பாகம் வேறு. மேக்னெட்ரான் யுத்த காலத்து ராடாருக்குள் இருந்த சாமான். 1945-ல் பெர்சி ஸ்பென்சர் என்பவர் அதன் பக்கத்தில் நின்றபோது சட்டைப்பையில் இருந்த சாக்லேட் உருகியதாம், அதிலிருந்துதான் இந்த அடுப்பே பிறந்தது. 1947-ல் விற்பனைக்கு வந்த முதல் இயந்திரம் கிட்டத்தட்ட ஆறடி உயரம், 340 கிலோ. (உன் மாமியாரின் பீரோ ஞாபகம் வரவில்லை?) அத்தனை வருஷமாக அடிபட்டுத் தேறிய பாகம் அது. வெறும் அடுப்பை ஓட்டாமல் இருந்தால் சுலபத்தில் சாகாது. சாவதெல்லாம் அதைச் சுற்றி விற்பனைக்காக ஒட்டிய ஜிகினாதான்.

அதனால் உனக்கு என் ஒரே யோசனை: குமிழ் வைத்த சோலோ, அதாவது கிரில், கன்வெக்‌ஷன் இல்லாத வெறும் மைக்ரோவேவ் வாங்கு. ஒரு குமிழ் நேரத்துக்கு, ஒரு குமிழ் சக்திக்கு, முடிந்ததும் ஒரு "டிங்". கேக் சுடப்போகிறேன், கன்வெக்‌ஷன் வேண்டும் என்று ஆரம்பிக்காதே. 1989-லிருந்து நீ கேக் சுடப்போகிறாய். கன்வெக்‌ஷன் என்றால் கூடுதலாக ஒரு ஹீட்டர், ஒரு ஃபேன், ஒரு சென்சார், கெட்டுப்போக மூன்று புதுச் சாமான். அதோடு கேக்குக்குப் போட்ட இரும்புத் தட்டை மறந்துபோய் மைக்ரோவேவில் ஓட்டுவதற்கும் உன்னைப் போல ஆள் கிடையாது. இன்வெர்ட்டர் வைத்த மைக்ரோவேவ் வேண்டுமா என்றும் கேட்டிருந்தாய். சாதாரண அடுப்பில் சக்தியைப் பாதியாகக் குறைத்தால் முழு வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடி, கொஞ்ச நேரம் நிற்கும். உறைந்தது ஓரத்தில் வெந்தும் நடுவில் கல்லாகவும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இன்வெர்ட்டர் ஒரே சீராகக் குறைந்த சக்தி கொடுக்கும். நல்ல விஷயம்தான், ஆனால் அதுவும் ஒரு போர்டு. உனக்குப் பால் சுட்டால் போதும்.

கடைக்குப் போகும்போது உன் அகலத் தட்டை டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு போ. லிட்டர் கணக்கை நம்பாதே, உள்ளே சுழல்கிற கண்ணாடித் தட்டின் விட்டத்தைப் பார். உன் தட்டின் மூலை உள்ளே இடித்துச் சுழலாமல் நின்றுபோனால் ஒரு பக்கம் கொதிக்கும், மறுபக்கம் சில்லென்று இருக்கும். பெட்டியின் முன்னால் 800 வாட் என்று போட்டிருந்தால் அது சாப்பாட்டுக்குப் போகிற சக்தி. சுவர் பிளக்கில் இழுப்பது 1200-க்கு மேல் இருக்கும், முதுகில் ஒட்டியிருக்கிற சீட்டில் பார். பிராண்டு பெயருக்கும் மயங்காதே. சீனாவின் மிடியா போன்ற கம்பெனிகள் பல பெயர்களுக்கும் செய்து கொடுக்கின்றன. யார் பெயர் என்று கேட்காதே, கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பார்கள், பாகம் கிடைக்குமா என்று கேள்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். உன்னுடையது பொறி பறக்கிறது என்றல்லவா எழுதியிருந்தாய்! தூக்கிப் போட்டுவிட்டாயா? போடவில்லை என்றால் உட்புறச் சுவரில் அட்டை மாதிரி ஒரு தாள் இருக்கும், பார். மைக்கா. அதில் எண்ணெய் தெறித்துக் கருகியிருந்தால் பொறி பறக்கும். அதை மாற்றினால் போதும், சில்லறைச் செலவு. உள்ளே பெயின்ட் உரிந்து துருப்பிடித்திருந்தாலும் பறக்கும், அதை மெக்கானிக்கிடம் காட்டு. கதவு கோணலாக உட்கார்ந்தால் மட்டும் யோசிக்காமல் அனுப்பிவிடு. கதவை அறைந்து சாத்துகிற பழக்கம் உன் வீட்டில் யாருக்கு என்று எனக்குத் தெரியும். அதன் கொக்கி தேய்ந்தால் உள்ளே இருக்கிற குட்டி சுவிட்சுகள் சேராது, அடுப்பு ஓடவே ஓடாது. கதவு சரியாக மூடுகிறது என்றால் கதிர்வீச்சு பயம் வேண்டாம். அலையின் நீளம் 12 சென்டிமீட்டர், கதவு வலையின் ஓட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர். எப்படி நுழையும்?

இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே, சாந்தி. உன் தம்பி ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்தால் கையைப் பிடித்து நிறுத்து. இவர் எங்கள் அடுப்பின் மூடியைக் கழற்ற உட்கார்ந்தார், பிளக்கைப் பிடுங்கியாகிவிட்டதே என்கிற தைரியத்தில். மெக்கானிக் வாசற்படியிலிருந்தே கத்தினார். உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் கரண்ட் போன பிறகும் 2000 வோல்ட்டுக்கு மேல் பிடித்துவைத்திருக்குமாம். ஆளை முடித்துவிடும். கமலாவிடம் நான் சொன்ன வேடிக்கை வேடிக்கையாகவே நின்றது, அந்த மனிதர் ஐந்து நிமிடம் முன்னால் வந்ததால்.

புதிது வந்துவிட்டது. ரகு வந்து சோதனை வைத்தான். ஒரு லிட்டர் தண்ணீரை முழு சக்தியில் சரியாக ஒரு நிமிடம் ஓட்டி, ஏறிய டிகிரியை 70-ஆல் பெருக்கினால் வாட் வருமாம். 26 டிகிரி 37 ஆனது. 770. பெட்டியில் 800. அவனுக்குப் பரம திருப்தி.

இன்னொன்று. அம்மா இப்போது எங்களோடுதான். கண் ரொம்ப மங்கிவிட்டது. டச் பேனல் இருந்த மூன்று வருஷமும் ஒரு டம்ளர் பாலுக்கு என்னைக் கூப்பிட வேண்டும், கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு ஆறினதையே குடித்திருக்கிறாள். எனக்கு இந்த வாரம்தான் தெரியும். நேற்று குமிழைத் தடவிப் பார்த்து, நான் சொன்னபடி ஐந்து வரைக்கும் திருகிவிட்டு இரண்டுக்குத் திருப்பினாள் (குறைந்த நேரத்துக்கு அப்படித் திருப்பினால்தான் சரியாக ஓடும்). டிங். இரண்டு நிமிடம் எங்கே என்று விரலுக்குத் தெரிய ஒரு பொட்டு நகப்பூச்சு வைக்க வேண்டுமாம். நகப்பூச்சுக்கு நான் எங்கே போக? உன்னிடம் அந்த ரோஸ் கலர் இன்னும் இருக்கிறதா? வரும்போது எடுத்து வா.

உன்,
விஜயா