பூப்பந்துக் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை: புதிய சின்னம் உருவான விவரம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, கழக அன்பர்களே, வணக்கம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிக்க இருப்பதாலும், போட்டி முடிவுகள் அறிவிப்புப் பலகையில் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருப்பதாலும், இவ்வாண்டு செயலவையின் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்ட புதிய சின்னத்தைப் பற்றி மட்டுமே இங்கு விரிவாகக் கூறுகிறேன்.

பூப்பந்தாட்டத்தில் (பேட்மிண்டன்) பந்தே இறகால் ஆனது என்பதால் சின்னத்தில் ஒரு பறவை இடம்பெற வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. சீன பீனிக்ஸ் என்று அழைக்கப்படும், சீனத் தொன்மத்தின் ஃபெங்ஹுவாங் பறவையை முன்மொழிந்தவர் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த நம் மூத்த சீன உறுப்பினர். முதல் வரைவில் அப்பறவை தீச்சுவாலையிலிருந்து எழுவதாக வரையப்பட்டிருந்தது; பீனிக்ஸ் என்றதும் சாம்பலையே நினைக்கும் பழக்கத்தால் அதை வழிமொழிந்தவனும் நான்தான். எரிந்து மீண்டும் பிறப்பது மேலைநாட்டுப் பறவை என்றும், ஃபெங்ஹுவாங் நல்லாட்சியும் அமைதியும் நிலவும் காலத்தில் மட்டுமே தோன்றுவது, சீனாவின் வூதோங் என்னும் மரத்தில் அன்றி வேறெதிலும் அமராதது என்றும் அவர் பொறுமையாக விளக்கிய பிறகு நெருப்பு நீக்கப்பட்டது.

ஷான் ஹாய் ஜிங் என்னும் பழஞ்சீன நூல், இப்பறவையின் தலை, சிறகு, முதுகு, மார்பு, வயிறு ஆகியவற்றில் முறையே அறம், நேர்மை, ஒழுங்கு, மனிதநேயம், நம்பகம் என்னும் ஐந்து பண்புகளின் குறிகள் உள்ளதாகக் கூறுகிறது. ஐந்து பண்புக்கு ஐந்து நிறம் என்று தீட்டிய இரண்டாம் வரைவு தாளில் மிக அழகாகவே இருந்தது. ஆனால் சட்டைப்பையின் தையலில் நூல்கள் ஒன்றோடொன்று குழம்பின, ரப்பர் முத்திரையிலோ ஒரு கரும்புள்ளிதான் மிஞ்சியது.

வழிகாட்டியது சீனாவின் செங்டு நகரிலுள்ள ஜின்ஷா அகழ்வில் 2001இல் கிடைத்த பொற்தகடு. 12.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள அத்தகட்டில், 12 கதிர்கள் சுழலும் சூரியனைச் சுற்றி நான்கு பறவைகள் எதிர்த்திசையில் பறக்கின்றன. அனைத்தும் வெறும் வெட்டுத் துளைகளே. கோடும் நிழலும் இல்லாமல் வெற்றிடத்தாலேயே பறவையைக் காட்டிய அந்தக் கைவினைஞர் நம் ஒற்றை நிறச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டிருந்தார். சீன அரசு 2005இல் அவ்வடிவத்தையே தன் பண்பாட்டு மரபுச் சின்னமாக ஏற்றது என்பதால், வடிவத்தை விடுத்து முறையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஃபெங் ஆண், ஹுவாங் பெண் என்பதால் இரண்டு பறவைகள் வேண்டும் என மகளிர் அணி கோரியது நியாயமானதே. ஆனால் வட்டமாகச் சுழலும் இரு பறவைகள் ஹாங்காங்கின் ஃபீனிக்ஸ் தொலைக்காட்சிச் சின்னத்தை நினைவூட்டின. ஆகவே, தலைகள் கீழே பந்தின் அடித்தக்கையில் சேர, வால்கள் மேல்நோக்கி விரியும்படி மாற்றினோம். ஒவ்வொன்றுக்கும் எட்டு இறகுகள். சேர்ந்து, பூப்பந்துக்குரிய 16.

சின்னத்திற்கான விதித் திருத்தம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் அடுத்து வருகிறது. மாதிரி முத்திரை மேசையில் வைக்கப்பட்டுள்ளது, உறுப்பினர்கள் வாக்களிக்கும் முன் பார்வையிடலாம்.

இங்ஙனம்,
செயலாளர்