சொல்ல வைத்தால் மட்டும் ஆறாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சுனாமி நினைவு நாளான டிசம்பர் 26 நெருங்கும்போதெல்லாம் திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கமராக்கள் வந்துவிடுகின்றன. பிள்ளையைக் கடலுக்குப் பறிகொடுத்த தாயிடம் "அன்றைக்கு என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்று கேட்கிறார்கள். அவர் சொல்கிறார், அழுகிறார், படம் பிடிக்கிறார்கள், வாகனம் புறப்பட்டுவிடுகிறது. மே மாதம் வந்தால் போரில் இறந்தோரை நினைவுகூரும் பெயரால் இதே காட்சி. திட்ட அறிக்கைக்குத் தகவல் திரட்ட வருகிறவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். அநேகர் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். மனதில் கிடப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் பாதிதான் சரி. மற்றப் பாதியால் ஆட்கள் நோகிறார்கள்.

பேசுவது மருந்தாவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. யாரிடம், எவ்வளவு நேரம், எந்த ஒழுங்கில், பேசி முடித்த பிறகு என்ன என்பவைதான் அவை. மனவடுவுக்கு, அதாவது கொடிய அனுபவம் மனதில் விட்டுச்செல்லும் காயத்துக்கு, இன்று உலகில் நன்கு சோதிக்கப்பட்ட பேச்சுச் சிகிச்சைகளில் பெரும்பாலானவை இந்த நிபந்தனைகளின் மேல்தான் நிற்கின்றன.

சாதாரண நினைவுக்குத் திகதி உண்டு, இடம் உண்டு, முன்னும் பின்னும் உண்டு. உயிர் போகும் என்ற பயத்தில் பதியும் நினைவு அப்படியல்ல. சத்தம், மணம், குளிர், உடம்பின் நடுக்கம் எல்லாம் ஆழமாகப் பதிந்துவிடும். எப்போது, எங்கே, அதற்குப் பிறகு என்ன என்ற ஒழுங்கு மட்டும் கலைந்து கிடக்கும். அதனால்தான் கடலில் யாரோ மீனுக்கு டைனமைற் போட்ட சத்தம் கேட்டதும், 2006இல் போருக்குப் பயந்து சம்பூரை விட்டு ஓடிய ஒருவரின் கை நடுங்குகிறது. நடந்து முடிந்த ஒன்றை அவர் நினைத்துப் பார்க்கவில்லை; அது இப்போது நடப்பதாகவே அவருடைய உடம்பு எடுத்துக்கொள்கிறது. கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் ஏறக்குறையப் பத்து ஆண்டு கிடந்து ஊர் திரும்பியவர்களிடம் வீடு கட்டியாயிற்றா, மலசலகூடம் வந்ததா என்று விசாரித்த அளவுக்கு, இரவில் தூங்குகிறீர்களா என்று விசாரிக்கப்படவில்லை.

நம் மக்கள் இதை மனநோய் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "ஒரே யோசனை", "தலையிடி", "நெஞ்சு அடைக்குது", "பெருமூச்சு வருது" என்றுதான் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறார்கள். ஈசிஜி சரியாக இருக்கும், பனடோல் கொடுத்து அனுப்பப்படும். விசர் என்று பெயர் வந்துவிடும் என்ற பயத்தில் உளநலக் கிளினிக் பக்கம் தலை காட்ட மாட்டார்கள். இவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்: ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறதா, போகாமல் தவிர்க்கும் இடம் ஏதும் உண்டா, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறீர்களா. மூன்றுக்கும் ஆம் என்று சொன்னால், சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தால், வீட்டு வேலையோ தொழிலோ கெட்டிருந்தால், முறையான மதிப்பீடு தேவை. பிசிஎல்-5 என்ற 20 கேள்விப் பட்டியல் அதற்குத் தொடக்கமாக உதவும். மொத்தம் 80 புள்ளி. 31 முதல் 33க்கு மேல் போனால் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். அதே பட்டியலைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் நிரப்பினால் முன்னேற்றமும் தெரியும்.

அந்த முதல் மாதம் வேறு கதை. அனர்த்தம் நடந்த முதல் நாட்களில் தூக்கமின்மை, நடுக்கம், திரும்பத் திரும்ப அழுகை எல்லாம் இயல்பு. பெரும்பாலானோர் தாமாகவே தேறிவிடுவார்கள். அப்போது தேவைப்படுவது சாப்பாடு, பாதுகாப்பு, உறவினர் எங்கே என்ற தகவல், பக்கத்தில் அமைதியாக இருக்கும் ஒரு ஆள். உலக சுகாதார ஸ்தாபனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி இதைத்தான் பார், கேள், இணை என்று மூன்று சொல்லில் சொல்கிறது. அந்த நாட்களில் ஆட்களை வட்டமாக உட்கார வைத்து ஒவ்வொருவராக நடந்ததை முழுதாகச் சொல்ல வைக்கும் ஒருநாள் அமர்வு பலன் தருவதில்லை. சிலருக்கு அது நோயை நீட்டிக்கவும் கூடும் என்று ஆய்வுகள் காட்டிய பிறகு பல நாடுகளின் மருத்துவ வழிகாட்டிகள் அதைக் கைவிட்டன. இங்கே வெள்ளத்துக்கும் புயலுக்கும் பிறகு பாடசாலை மண்டபங்களில் அது இன்னும் நடப்பதுதான் வேதனை.

ஒரு மாதம் கடந்தும் ஆறாதவர்களுக்கு என்ன செய்யலாம்? போரும் அனர்த்தமும் மாறி மாறி அடித்த மாவட்டத்துக்கு மிகப் பொருத்தமானது வாழ்க்கைக் கதையை முழுதாகச் சொல்லும் சிகிச்சை என்பது எங்கள் கருத்து. ஜேர்மனியின் ஃபிராங்க் நொய்னர், மாகி ஷௌவர், தோமஸ் எல்பெர்ட் ஆகியோர் போரில் இடம்பெயர்ந்தோருக்காக உருவாக்கியது இது. முதல் அமர்வில் நோய் எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்குவார்கள். இரண்டாவதில் தரையில் ஒரு கயிறு விரிக்கப்படும். ஒரு நுனி பிறப்பு. மறு நுனி சுருட்டியபடியே கிடக்கும், அது இனி வரப்போகும் காலம். நல்லது நடந்த இடத்தில் பூ, கொடியது நடந்த இடத்தில் கல். பூக்களும் கற்களும் சிறிதும் பெரிதுமாக இருக்கும். ஒவ்வொன்றையும் வைக்கும்போது அதற்கு ஒரு பெயரும், எந்த வயது, எந்த ஊர் என்பதும் மட்டும் சொன்னால் போதும். விவரத்துக்குள் அன்று போகக் கூடாது. 1990இல் ஒரு கல், 2004இல் ஒரு கல், 2006இல் ஒரு கல், அவற்றுக்கு நடுவே ஒரு கல்யாணம், ஒரு பிள்ளை, வெருகல் முருகன் திருவிழா. தன் வாழ்க்கையில் பூவும் இருந்தது என்பதைப் பலர் அந்தத் தரையைப் பார்த்துத்தான் மறுபடி காண்கிறார்கள்.

மூன்றாவது அமர்விலிருந்து பிறப்பில் தொடங்கி வரிசையாகக் கதை சொல்லப்படும். கல் வரும் இடத்தில் நடை மெதுவாக வேண்டும். என்ன கண்டீர்கள், என்ன கேட்டது, உடம்பில் எங்கே என்ன செய்தது, அப்போது என்ன நினைத்தீர்கள், இப்போது சொல்லும்போது நெஞ்சு எப்படி இருக்கிறது என்று அப்போதையும் இப்போதையும் மாறி மாறித் தொட்டுச் செல்வதுதான் சிகிச்சையின் உயிர்நாடி. கலைந்து கிடந்த சத்தமும் மணமும் அப்போதுதான் ஓர் ஊரோடும் ஒரு திகதியோடும் சேர்கின்றன. உளவளத்துணையாளர் அதை எழுதி, அடுத்த முறை வாசித்துக் காட்டி, விடுபட்டதைச் சேர்த்துக்கொண்டு மேலே போவார். ஓர் அமர்வு 90 நிமிடம் வரை போகும். மொத்தம் 4 முதல் 12 அமர்வு. கடைசியில் முழுக் கதையும் சொன்னவர் கையிலேயே கொடுக்கப்படும்.

பிழை நேர்வது பெரும்பாலும் நேர ஒதுக்கீட்டில்தான். கிளினிக்கில் ஒருவருக்கு 20 நிமிடம் என்று ஒதுக்கினால், பயம் உச்சிக்கு ஏறிய நேரத்தில் அடுத்தவரைக் கூப்பிட வேண்டி வரும். உச்சியில் நிறுத்தினால் உடம்பு பயத்தை இன்னொரு முறை படித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். பயம் தானாக இறங்கும் வரை கூட இருந்து, அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நடந்ததையும் சொல்லி முடித்துப் பாதுகாப்பான இடத்தில்தான் அமர்வை முடிக்க வேண்டும்.

செய்தி வாசிப்பது போல் சொல்ல விடுவதும் பிழை. ஐம்பது தடவை நிறுவனங்களுக்குச் சொன்னவர்களுக்கு ஒரு மனப்பாடக் கதை இருக்கும். அதில் உணர்ச்சி ஒட்டாது, ஆறவும் ஆறாது. "அழாதீங்கோ அம்மா" என்று இடையில் தேற்றுவதும் அதே போலத்தான். அது கேட்பவரின் தவிப்பைக் குறைக்குமே ஒழிய, சொல்பவரை அந்த இடத்தைக் கடக்க விடாது. இதற்கு மாறாக ஒருவர் பார்வை நிலைகுத்தி, பேச்சு நின்று, அந்த இடத்துக்கே போய்விட்டால் கதையை உடனே நிறுத்த வேண்டும். கண்ணைத் திறக்கச் சொல்லி, பாதத்தைத் தரையில் அழுத்த வைத்து, இன்று என்ன திகதி, இது எந்த அறை என்று கேட்டு, குளிர்ந்த தண்ணீரால் முகம் கழுவ வைத்து இங்கே கொண்டுவந்த பிறகே தொடரலாம்.

முதல் இரண்டு மூன்று வாரம் கனவு கூடலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஆள் அடுத்த வாரம் வரமாட்டார். பாதியில் நிற்பதற்கு இது பெரிய காரணம். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மற்றக் காரணங்கள்.

தவிர்த்து வரும் இடங்களுக்குத் திரும்பப் பழகுவது அடுத்த பகுதி. சுனாமிக்குப் பிறகு கடற்கரைக்கே போகாதவர்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து ஒரு படிவரிசை எழுத வேண்டும், ஒவ்வொரு படிக்கும் பயத்தை 0 முதல் 100 வரை அவரே மதிப்பிட வேண்டும். கடலின் படத்தைப் பார்ப்பது 30 என்றால், நகரின் டச்பே பக்கம் கடல் தெரியும் தூரத்தில் நிற்பது 45, மணலில் உட்காருவது 60, ஈர மணலில் நடப்பது 75, கணுக்கால் தண்ணீர் 90. ஏறக்குறைய 40 மதிப்புள்ள படியில் தொடங்கி, பயம் பாதியாகும் வரை, இல்லாவிட்டால் 30 முதல் 45 நிமிடம் வரை அங்கேயே இருக்க வேண்டும். வாரத்தில் பல நாள் செய்தால்தான் பலன். மாதம் ஒருமுறை செய்தால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். போனை நோண்டிக்கொண்டோ பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடித்துக்கொண்டோ நேரத்தைக் கடத்தினால் அந்தப் படி கணக்கில் வராது. நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும். உண்மையான ஆபத்தும் பழைய பயமும் ஒன்றாகக் கலந்துவிடும். மே தொடங்கிக் கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் செய்யுங்கள்.

இதற்கெல்லாம் கொழும்பிலிருந்து நிபுணர் வர வேண்டுமா? சுனாமிக்குப் பின் நம் வடகிழக்கிலேயே நடந்து 2009இல் வெளியான ஆய்வொன்று நம்பிக்கை தருகிறது. 31 சிறுவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறுவருக்கேற்ற கதைச் சிகிச்சையும், மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறாறு அமர்வு கொடுக்கப்பட்டன. கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 81 வீதமானோரும் மற்றதில் 71 வீதமானோரும் தேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும், பயிற்றப்பட்ட உள்ளூர்க்காரர் ஒருவரால் இது முடியும் என்பதற்கும், பிள்ளைகளுக்கு மூச்சுப் பயிற்சியும் தியானமும் கூடக் கைகொடுக்கும் என்பதற்கும் அது சான்று.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு இதே முறையை அப்படியே பொருத்த முடியாது. இறந்தவரின் படத்துக்கு மாலை போடுவோம், அந்தியேட்டி செய்வோம். இவர்கள் வீட்டில் படம் மாலையில்லாமல் தொங்குகிறது. "ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று எந்த உளவளத்துணையாளரும் சொல்லக் கூடாது. அது அவர்களைத் துரோகம் செய்யச் சொல்வது போல இருக்கும். வரலாம், வராமலும் போகலாம் என்ற இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டே இன்றைய நாளை நடத்த, பிள்ளையின் படிப்பைப் பார்க்க, இரவு தூங்க உதவுவதுதான் வேலை. உண்மையைத் தேடி அவர்கள் வீதியில் நிற்பது நோயின் அறிகுறி அல்ல.

மருந்து பற்றியும் ஒரு சொல். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகள் சிலருக்கு நன்றாக உதவும். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். டயசிபாம் வகைப் பதற்றத் தணிப்பு மாத்திரைகள் மனவடு நோய்க்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை; பழகிப்போகும், கதைச் சிகிச்சையின் பலனையும் குறைக்கலாம். ஏற்கெனவே எடுத்துவருபவர்கள் திடீரென நிறுத்தக் கூடாது. வைத்தியரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். கசிப்பில் தூக்கத்தைத் தேடுபவருக்கும், உயிரை மாய்க்கும் எண்ணம் உள்ளவருக்கும், வீட்டில் இன்னும் அடி வாங்கிக்கொண்டிருப்பவருக்கும் முதலில் அந்த ஆபத்துக்கு வழி செய்ய வேண்டும். கதை அதற்குப் பிறகு.

மாவட்டத்துக்குத் தேவையானவை பெரிய கட்டடங்கள் அல்ல. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உதவியாளர் இருக்கும் இடங்களில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும். பக்கத்து மேசையில் அரச உதவிப்பணத்துக்கு வந்தவர் உட்கார்ந்திருக்கும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒருவருக்கு ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே ஆள் இருக்க வேண்டும். இடமாற்றம் வந்தால் கையிலுள்ள சிகிச்சைகளை முடித்த பிறகு அனுப்பலாம். தமிழ் தெரியாத வைத்தியரிடம் தமிழ் நோயாளி போனால் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கணவனையோ பிள்ளையையோ வாசலில் நிற்கும் சிற்றூழியரையோ மொழிபெயர்க்க வைத்தால் சொல்ல வேண்டியது சொல்லப்படாமலே போய்விடும். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்து மக்கள் நகருக்கு வந்து திரும்ப ஒரு நாள் போய்விடுகிறது. வாரத்தில் ஒரு நாள் அங்கேயே அமர்வு நடத்தினால் பாதியில் நிற்பவர் தொகை குறையும். கேட்கிற உளவளத்துணையாளருக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் நல்லவர்கள்தான் முதலில் விலகிப் போவார்கள்.

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். நினைவு நாள் கட்டுரைக்கு ஆளை அனுப்பும்போது, பேட்டி தருபவர் எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்று முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். இழந்த கணத்தை விவரிக்கச் சொல்லாமல், இழந்தவர் எப்படிப்பட்டவர் என்று கேட்கச் சொல்லுங்கள். அன்றிரவு வீட்டில் துணைக்கு யார் இருப்பார் என்று தெரிந்துகொண்டு புறப்படச் சொல்லுங்கள். கட்டுரையின் கீழே, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தையும், பக்கத்து அரச வைத்தியசாலையின் உளநலக் கிளினிக் நடக்கும் நாளையும் நேரத்தையும் கண்ணில் படும் எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உளவளத்துணைப் பணியில் உள்ளோர் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.